ஔவை இல்லம் கண்ட அம்மையார்

வீழ்ந்தாரைக் கைகொடுத்துத் தூக்குதல் அறம். தூக்கப்பட்டார் மீண்டும் வீழாது தம் காலில் நிற்குமாறு செய்தல் அதனினும் சிறந்த அறம். இவ்விரண்டு அறங்களையும் ஒருங்கே ஆற்றியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், தாயார் சந்திரம்மாள். பெண்கள் பருவமெய்தியதும் பள்ளிப்படிப்பை நிறுத்திவிடுவது அக்கால வழக்கம். எனினும் முத்துலட்சுமி வீட்டிலிருந்தே பயின்று தேறினார். ஆடவரே பயின்றுவந்த மன்னர் கல்லூரியில், பலர் எதிர்த்தும், மன்னரின் இசைவு பெற்றுச் சேர்ந்தார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

1926இல் அம்மையார் சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். பின்னர் அம்மன்றத்தின் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்நாளில் இளஞ்சிறுமியரைப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் நிலவியது. நாளடைவில் அவ்வழக்கம் அவர்தம் வாழ்வை இழிநிலைக்கு உள்ளாக்கியது. தம் தாயார் அம்மரபில் தோன்றியவராதலின், அத்துன்பத்தின் ஆழத்தை அம்மையார் நன்கு அறிந்திருந்தார்.

அவ்வழக்கத்தைவிட்டு வெளியேற விரும்பிய பெண்டிர்க்கும் ஒரு தடை இருந்தது. கோயிற்பணிக்கென அளிக்கப்பட்ட மானிய நிலத்தைக் கொண்டே பலர் வாழ்ந்தனர். பணியை விட்டால் நிலமும் போகும். நிலம் போனால் உணவும் போகும். இதனை உணர்ந்த அம்மையார் அயராது முயன்றார். அதன் பயனாக 1929இல் ஒரு சட்டம் நிறைவேறியது. கோயிற்பணி செய்ய வேண்டும் என்னும் கட்டுப்பாடு நீங்கி, நிலம் அப்பெண்டிர்க்கே உரியதாயிற்று. பொட்டுக்கட்டும் வழக்கத்தை முற்றிலும் தடைசெய்யும் சட்டம் 1947இல் வந்தது.

எனினும் சட்டம் கதவைத் திறக்குமேயன்றி, வெளியே வந்தவர்க்குக் கூரையாகாது. இவ்வுண்மை 1930இல் அம்மையாரின் வீட்டு வாயிலிலேயே வந்து நின்றது. அவ்வழக்கத்தினின்று தப்பிவந்த இளம்பெண்கள் சிலர் ஓர் இரவில் அவரை நாடி வந்தனர். குலத்தைக் காரணங்காட்டி மாணவியர் விடுதிகள் அவர்களுக்கு இடம் மறுத்துவிட்டன. அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அன்று தளிர்த்ததே ஔவை இல்லம்.

உணவும் உறையுளும் அளித்ததோடு அம்மையார் அமையவில்லை. உண்டு உறங்குவதற்கு மட்டும் ஓர் இடம் இருந்தால், அங்குள்ளோர் என்றும் பிறர் கையை எதிர்நோக்கியே வாழ நேரும் என்பதை அவர் அறிவார். ஆதலின் கல்வியும் கைத்தொழிலும் அங்கே கற்பிக்கப்பட்டன. ஆதரவின்றி வந்த பெண்கள் ஆசிரியராகவும் செவிலியராகவும் உயர்ந்து, தம் உழைப்பால் வாழும் நிலையை எய்தினர்.

இத்தகைய பணிக்குப் பொருள் வேண்டும். கட்டடம் எழுப்ப ஒருமுறை ஈந்தால் போதும். அதனுள் வாழ்வோரைப் பேண நாள்தோறும் ஈதல் வேண்டும். விருதுநகரில் வீடுதோறும் நாள்தோறும் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துப் பள்ளியைப் பேணிய வழக்கத்தை அறிந்தோர், சிறிதாயினும் இடையறாத ஈகையின் ஆற்றலை உணர்வர். அம்மையாரும் அந்நெறியையே கைக்கொண்டார். தம் வீட்டையும் பொருளையும் முதலில் தந்தபின்னரே பிறரிடம் கேட்டார். நல்லோர் நன்கொடையையும் அரசின் உதவியையும் நாடினார். தமக்கென இரத்தற்கு நாணுவது பெருமை. ஆதரவற்றோர்க்காக இரத்தற்கு நாணாமை அதனினும் பெருமை அன்றோ? தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை நெஞ்சில் தாங்கிய அம்மையார், அதே உறுதியுடன் உழைத்து, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றவும் காரணமானார்.

1956இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1968ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் அம்மையார் மறைந்தார். ஓர் இரவில் திறந்த அவ்வீட்டுக் கதவு பின்னர் மூடப்படவே இல்லை. அடையாற்றில் ஔவை இல்லம் இன்றும் பெண்குழந்தைகளுக்கு உறையுளும் கல்வியும் அளித்து வருகிறது. இல்லாதார்க்கு இடமளிப்பதோடு நில்லாது, அவரை வாழ்வோராக்குதலே உண்மையான உதவி என்பதை அம்மையாரின் வாழ்வு நமக்குக் கற்பிக்கின்றது.