மணல்மேட்டில் முளைத்த மால்குடி!

ராசிபுரம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நெய், ஜவ்வரிசி, பட்டு... அப்படியே இன்னொரு பேரையும் சேர்த்துக்கோங்க. ‘மால்குடி டேஸ்’ எழுதிய ஆர்.கே.நாராயண். அவர் பெயரின் முதல் எழுத்து ‘ஆர்’ இருக்கே, அது நம்ம ராசிபுரம்தான்! குடும்பத்தின் பூர்வீகம் இங்கே. அவர் பிறந்தது 1906 அக்டோபர் 10-ம் தேதி, சென்னையில்.

அப்பா கிருஷ்ணசுவாமி, மைசூர் சமஸ்தானத்தில் பள்ளித் தலைமை ஆசிரியர். அடிக்கடி ஊர் மாற்றல். வீட்டில் அடுத்த குழந்தையும் வந்துவிட, சின்ன வயசிலேயே நாராயணை சென்னை புரசைவாக்கத்தில் இருந்த பாட்டி வீட்டில் விட்டுவிட்டார்கள். பாட்டி பெயர் பார்வதி. எல்லோருக்கும் அம்மணி. பேரனுக்கு அவர் வைத்த செல்லப் பெயர், குஞ்சப்பா.

அந்த வீட்டுத் தோட்டத்தின் மூலையில் ஒரு மணல்மேடு. மெட்ராஸ் வெயிலைக்கூட கண்டுக்காமல், நாள் முழுக்க அதில் உட்கார்ந்து கோட்டையும் மலையும் கட்டுவதுதான் குஞ்சப்பாவின் வேலை. கூட்டாளிகள் யார் தெரியுமா? ஒரு மயில், ஒரு குரங்கு! 1974-ல் அவர் எழுதிய ‘மை டேஸ்’ சுயசரிதை ஆரம்பிப்பதே இந்த மணலில்தான். அப்போது அவருக்கு வயசு 67. அத்தனை வருஷம் கழித்தும் அந்த மூலை அவருக்கு மறக்கவில்லை.

பாட்டி செல்லம் மட்டும் கொடுக்கவில்லை. கணக்கு, புராணக் கதை, சம்ஸ்கிருதம், சங்கீதம்னு எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்தார். ஆனால் பள்ளிக்கூடம்தான் குஞ்சப்பாவுக்கு ஒத்து வரவில்லை. பின்னாளில் உலகமே படித்த ஆங்கில எழுத்தாளர், கல்லூரி நுழைவுத் தேர்வில் கோட்டைவிட்டது எதில்னு நினைக்கிறீங்க? ஆங்கிலத்தில்! அந்த ஒரு வருஷத்தை வீட்டில் இருந்தபடி படிப்பதிலும் எழுதுவதிலும் கழித்தார். அப்புறம் மைசூரில் 1930-ல் பி.ஏ. முடித்தார். வாத்தியார் வேலைக்குப் போய், சீக்கிரமே விட்டுவிட்டார். பாட்டி பார்த்துக் கொடுத்த நல்ல நாளில் ஒரு நோட்டு வாங்கி எழுத உட்கார்ந்தார். மால்குடி பிறந்தது. 1935-ல் ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ வெளிவந்தது. பரீட்சைக்குப் பயந்து, விளையாட்டுக்கு ஏங்கும் ஒரு பையனின் கதை.

கோவையில் பார்த்து ஆசைப்பட்ட ராஜத்தை 1934-ல் கல்யாணம் செய்துகொண்டார். ஐந்தே வருஷம். 1939-ல் டைபாய்டு காய்ச்சல் ராஜத்தைக் கொண்டுபோய்விட்டது. மகள் ஹேமாவுக்கு அப்போ மூணு வயசு. இடிந்துபோன நாராயண், மறுமணம் செய்துகொள்ளவே இல்லை. அந்தத் துக்கம்தான் 1945-ல் ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ நாவலானது. மனைவியின் மல்லிகை வாசனை வீசும் அந்தக் கதையில், குழந்தைகளை இஷ்டத்துக்கு விளையாடவிட்டே வளர்க்கும் ஒரு பள்ளி ஆசிரியர் வருவார். மனைவியை இழந்த நாயகன், நல்ல சம்பளம் தந்த கல்லூரி வேலையை உதறிவிட்டு அந்தக் குட்டிப் பள்ளியில் போய்ச் சேர்ந்துவிடுவார்.

நாராயணுக்கும் மண் ஆசை விடவில்லை. பெரிய எழுத்தாளரான பிறகு, ஒரு ஏக்கர் நிலம் வாங்கி விவசாயம் செய்து பார்த்தார்!

1986-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். அங்கே தன் முதல் பேச்சில் அவர் எடுத்துக்கொண்டது இலக்கியத்தை இல்லை. குழந்தைகள் சுமக்கும் புத்தகப் பையை. காலையில் எழுந்ததிலிருந்தே பள்ளிக்கூட அவசரம், விளையாடவும் கனவு காணவும் நேரமே இல்லை என்று வருத்தப்பட்டார். அது கிளப்பிய விவாதத்துக்குப் பிறகு, விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 1993-ல் படிப்புச் சுமையைக் குறைக்கும் அறிக்கை வந்தது. பை இன்னும் கனமாத்தான் இருக்கு. அது வேற விஷயம்!

சரி, உங்க வீட்டுக் குட்டிக்கு அந்த மணல்மேடு எங்கே இருக்கு? ராசிபுரமோ சென்னையோ, மொட்டை மாடியும் நாலு தொட்டியும் போதும். அடியில் ஓட்டை இருக்கணும். செம்மண், மணல், மக்கிய எரு கலந்து நிரப்புங்க. முதலில் வெந்தயம் தூவச் சொல்லுங்க; மூணு நாலு நாளில் முளைவிட்டுடும், குழந்தைக்கும் பொறுமை தாங்கும். அப்புறம் பக்கத்து வீட்டில் ஒரு கற்பூரவல்லிக் கிளையை ஒடிச்சு வாங்கி நடுங்க. சுலபமா வேர் பிடிக்கும். துளசி, செம்பருத்தி, குண்டுமல்லினு ஒவ்வொண்ணா சேர்த்துக்கலாம். நம்ம ஊர் கோடையில் மத்தியான வெயில் படாத இடமா பார்த்து வைங்க. தண்ணி ஊத்துற பொறுப்பு குட்டிக்கு!

ஒரு தொட்டியில் மட்டும் எதுவும் நடாதீங்க. வெறும் மணல் போட்டு விட்டுடுங்க. அதில் என்ன செய்யணும்னு சொல்லிக் கொடுக்காதீங்க. சட்டை அழுக்கானா துவைச்சுக்கலாம்.

2001 மே 13-ம் தேதி, 94 வயசில் சென்னையில் நாராயண் காலமானார். மால்குடி என்ற ஊர் எந்த மேப்பிலும் இல்லை. ஆனால் தோட்டத்து மூலையில் ஒரு குழந்தையை அதன் போக்கில் விட்டதற்குக் கிடைத்த ஊர் அது. உங்க மாடியில் எந்த ஊர் முளைக்கப்போகுதோ... தண்ணி ஊத்திட்டு காத்திருங்க!