பாவேந்தரும் பாவின் உறுப்புகளும்

கவிதை என்றவுடன் மாணவர் பலருக்கும் யாப்பைப் பற்றிய அச்சமே முதலில் எழுகின்றது. அசை, சீர், தளை, தொடை என்பவை தேர்வுக்காக மனனம் செய்யப்பெற்றுத் தேர்வோடு மறக்கப்பெறுகின்றன. அவ்வுறுப்புகளை ஐயந்திரிபறக் கற்று, அவற்றைக் கொண்டே எளிய மக்களின் நெஞ்சில் இடம்பெற்ற பெருங்கவிஞர் ஒருவர் நம் புதுவை மண்ணில் வாழ்ந்தார். அவரே பாவேந்தர் பாரதிதாசன்.

புதுச்சேரியில் கனகசபை முதலியார், இலக்குமி அம்மையார் ஆகியோரின் மகனாக 29.4.1891 அன்று பிறந்தார். இயற்பெயர் சுப்புரத்தினம். தந்தையார் பெயரையும் இணைத்துக் கனகசுப்புரத்தினம் எனப்பெற்றார். பண்டைய முறையில் இலக்கண இலக்கியங்களைக் கற்றுத் தேர்ந்து, 1909-இல் தமிழாசிரியர் பணியில் அமர்ந்தார். 1946-இல் ஓய்வு பெறும் வரை, 37 ஆண்டுகள், பிரெஞ்சிந்தியப் பள்ளிகளில் பணியாற்றினார்.

தொடக்கத்தில் அவருடைய பாடல்கள் புலவர்க்கு மட்டுமே விளங்கும் கடுநடையில் அமைந்திருந்தன. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியாரின் நட்பு அவரை மாற்றியது. தம் பெயரையே பாரதிதாசன் என அமைத்துக்கொண்டார். ஆயினும் கற்ற யாப்பை அவர் துறக்கவில்லை, கடுநடையையே துறந்தார். மரபு விருத்தங்களிலேயே எளிய சொற்களை நடமாட விட்டார்.

1944-இல் வெளிவந்த 'அழகின் சிரிப்பு' இதற்குத் தக்க சான்றாகும். கடல், காடு, ஆறு, கிளி, இருள், சிற்றூர் முதலியன அதன் பாடுபொருள்கள். தொடக்கப் பாடலில் அழகு ஒரு பெண்ணாகவே உருவகம் பெறுகின்றது. அந்நூலை வாய்விட்டுப் படியுங்கள். சீர்கள் ஓசையை அளந்து நடத்துவதைச் செவி உணரும். அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகையும், முதலெழுத்து ஒன்றிவரும் மோனையும் பாடலை நினைவில் நிறுத்தும். உவமையும் உருவகமும் அறிந்த பொருளைப் புதிதாகக் காட்டும். இவ்வாறு ஓசை, தொடை, அணி ஆகியவற்றை உணர்ந்த பின்னரே பாடுபொருள் முழுமையாக விளங்கும். உரைநூலின் சுருக்கம் பொருளைத் தரலாம், பாடலைத் தராது.

எங்கள் ஒதியம்பட்டு போன்ற வில்லியனூர்க் கொம்யூன் சிற்றூர்களிலிருந்து வரும் மாணவர், கவிதை தமக்குரியதன்று எனத் தயங்குவதைக் கண்டிருக்கிறேன். ஏற்றப்பாட்டும் தாலாட்டும் கேட்டு வளர்ந்த செவிக்கு எதுகையும் மோனையும் அயலாகுமோ? பெயர்தான் புதிது, பொருள் பழகியதே. சிற்றூரையும் பாடுபொருளாக்கிய பாவேந்தரை அவர்கள் உரிமையோடு அணுகலாம்.

பாவேந்தர் 21.4.1964 அன்று சென்னையில் மறைந்தார். 'பிசிராந்தையார்' நாடகத்திற்காக, மறைவுக்குப் பின் 1969-இல் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பெற்றது. புதுவைப் பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த இல்லம் நினைவகமாயிற்று. அங்குச் செல்லும் மாணவர், அவருடைய பாடல் ஒன்றையேனும் சீர்பிரித்து, வாய்விட்டுப் படித்து, சுவைத்துச் செல்வாராயின், ஆசிரியராக வாழ்ந்த அப்பெருமகனுக்கு அதனினும் சிறந்த நன்றி வேறில்லை.