நிலவில் ஓர் உருவம்

உருது கஸலில் தனியிடம் பிடித்த மீர் தகீ மீர் 1723இல் ஆக்ராவில் பிறந்தார். சிறுவயதிலேயே வாப்பாவை இழந்து, டில்லியில் உறவினரை அண்டி வாழ்ந்தார். அங்கேதான் மனநோய் கண்டது. நிலவிலிருந்து அழகிய உருவமொன்று தன்னிடம் வருவதாகத் தெரிந்தது. நெருங்கப் பயந்தவர்கள் அவரை அறையில் அடைத்தார்கள். அது இன்ன நோயென்று இன்று பெயர்சூட்ட நான் துணியமாட்டேன்.

அவரது தன்வரலாற்றில் என் மனதில் நின்றவர் ஒரு பெண்மணி. வாப்பாவின் சீடரொருவரின் மனைவி. எல்லோரும் விலகியபோது தன் பணத்தைச் செலவழித்து வைத்தியம் பார்த்தவர் அவர்தான். மந்திரிப்பவர்கள் வந்தார்கள், ஹக்கீம்கள் இரத்தம் எடுத்தார்கள். அக்கால வைத்தியம் அவ்வளவுதான்! மீர் மெல்லத் தெளிந்தார். உருதுவில் ஆறு திவான்கள் தந்து, 1810இல் லக்னோவில் காலமானார்.

இன்று மாயக்காட்சிக்கும் மனச்சோர்வுக்கும் மாத்திரை உண்டு, உளவளத்துணை உண்டு. குணம் தெரிய வாரக்கணக்காகும். சுகமென்று நாமாக மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பலாம். ஹேவாஹெட்டயில் நாம் யாரையாவது கேலிசெய்ய அங்கொடையின் பெயரைத்தான் இழுக்கிறோம். அதே அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தோடு 1926 என்ற இலக்கத்தில் வீட்டிலிருந்தே பேசலாம்.