ஸர் ஆர்தர் காட்டன்

சாலை, பாலம், கட்டடம், அணை முதலியவற்றை ஆக்கும் கலை சிவில் எஞ்சினீயரிங் எனப்படும். அதனைப் பயிலும் மாணவர், நில அளவை, மண்ணின் இயல்பு, நீரின் ஓட்டம், கட்டுமானப் பொருள்களின் வலிமை ஆகியவற்றைப் பல்கலைக்கழகங்களிற் கற்கின்றனர். நம் அன்னவாசற் பகுதியில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மழைநீரைக் கரைகட்டித் தேக்கிய ஏரிகளும் குளங்களுமே உழவர்க்கு உயிர். அருகிலுள்ள சித்தன்னவாசற் குகைக்கோயிலின் விதானத்திலும் தாமரைக்குளம் ஒன்றையே பண்டை ஓவியர் தீட்டிவைத்தனர். ஆதலின், இக்கல்வியை நாடும் நம்மூர் இளைஞர்க்குப் பயன்படுமாறு, நீரை நெறிப்படுத்திய ஒருவரது சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

ஆர்தர் காட்டன் 1803-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் இங்கிலாந்திற் பிறந்தார். பதினைந்தாம் வயதில் அடிஸ்கோம்பு என்னும் ஊரிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் இராணுவப் பள்ளியிற் சேர்ந்தார். 1821-இல் சென்னை வந்தடைந்தார். தென்னாட்டு ஏரிகளைக் கவனிக்கும் இலாகாவில் வேலை பார்த்தமையும், பாம்பன் நீர்வழியை அளந்தமையும் அவர்க்கு இந்நாட்டின் மண்ணையும் நீரையும் பழக்கின. இடையே முதற் பர்மியப் போரிலும் பணிபுரிந்தார்.

பின்னர்க் காவிரி அவர் கவனத்தை ஈர்த்தது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியினின்று கொள்ளிடம் பிரிகின்றது. கொள்ளிடத்தின் சரிவு மிகுதியாதலின் நீர் அதனையே நாடிற்று. காவிரியோ மணல்மேடிட்டு வந்தது. தஞ்சைக் கழனிகள் நீரின்றி வாடும் நிலை நேர்ந்தது. இதற்குப் பரிகாரம் தேடிய காட்டன், கரிகாலன் கட்டியதாக வழங்கும் கல்லணையை நுணுகி ஆராய்ந்தார். ஆழங்காண இயலாத மணலிற் பெருங்கற்களை இட்டு, அவை தாமே அமிழ்ந்து நிலைகொள்ளச் செய்த முன்னோர் திறம் அவரை வியப்பில் ஆழ்த்திற்று. மணலில் அடிப்படை நிறுத்தும் வித்தையை அவர்களிடமே கற்றதாக அவர் கூசாது ஒப்புக்கொண்டார். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுந்தது. கீழணையும் அவரது திட்டமே.

அவ்வளவில் வேலை முடிந்துவிடவில்லை. மேலணையாற் காவிரியிற் புகுந்த நீர் அளவிறந்து, ஆற்றின் அடியை அரிக்கலாயிற்று. அதனைத் தடுக்கக் காவிரியின் முகத்திலும் ஒரு தடுப்பு வேண்டியதாயிற்று. ஓரிடத்தில் நீரைத் தடுத்தால் மற்றோரிடத்தில் அது தன் வேலையைக் காட்டும் என்பதற்கு இது சான்றாகும்.

கோதாவரிக் கரையில் 1833-ஐ ஒட்டி நேர்ந்த பஞ்சம் எண்ணற்ற மக்களை மாய்த்தது. பேராறு கடலுக்கு ஓட, அதன் கரையிலேயே மக்கள் பட்டினியால் மடிந்தனர். 1844-இல் காட்டன் அங்கே அணைகட்டுமாறு அரசினர்க்கு எடுத்துரைத்தார். 1847-இல் தவளேஸ்வரத்தில் வேலை தொடங்கிற்று. தீவுகளுக்கிடையே நான்கு பகுதிகளாக அமைந்த அணை 1852-இல் நிறைவுற்றது. காவிரி மணலிற் கற்ற பாடமே கோதாவரி மணலிலும் உதவிற்று.

அவர் 1861-இல் ஸர் பட்டம் பெற்றார். இருப்புப்பாதையினும் கால்வாயே இந்தியாவிற்கு நலம் பயக்கும் என்பது அவர் கொள்கை. அதன்பொருட்டு ஓய்வுபெற்ற பின்னரும் வாதாடினார். 1878-இல் பார்லிமெண்டுக் குழுவின்முன் கடுமையான வினாக்களுக்கும் விடையிறுத்தார். அவர் ஆதரித்தவை யாவும் வெற்றியுற்றன என்று கூறுதல் பொருந்தாது. கர்னூல்-கடப்பைக் கால்வாய் எதிர்பார்த்த இலாபத்தைத் தரவில்லை. 1899-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், தொண்ணூற்றாறாம் வயதில், அவர் உயிர்நீத்தார். கோதாவரி உழவர் இன்றும் அவர்க்குச் சிலைவைத்துப் போற்றுகின்றனர்.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து வெள்ளத்தில், முக்கொம்பின் கொள்ளிட மேலணையில் ஒன்பது கண்கள் இடிந்து வீழ்ந்தன. அதன் பின் அருகே புதிய கதவணை கட்டப்பட்டது. நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற அணையும், ஆற்றின் அடிமண் நிலைத்திருக்கும் வரையே நிற்கும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

1794-இல் சென்னையில் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டிப் பொறியியற் கல்லூரி முதலாகப் பல கல்லூரிகள் இன்று இக்கலையைப் போதிக்கின்றன. அவற்றிற்குச் செல்லும் நம் இளைஞர் கணக்கையும் சூத்திரங்களையும் செவ்வனே கற்பாராக. அத்துடன், புதுக்கோட்டைச் சீமையின் ஏரிகளில் நிற்கும் பழைய குமிழித் தூம்புகளையும் உற்றுநோக்குவாராக. ஆளும் இனத்தவராக வந்தும், பெயரறியாப் பழந்தமிழ்க் கொத்தர்களை ஆசிரியராகக் கொள்ளக் காட்டன் நாணவில்லை. அவர்கள் வழித்தோன்றல்களாகிய நாம் நாணுவதற்குக் காரணம் யாதும் இல்லை.