பாபாசாகேபும் நிலத்தின் வழக்கும்

பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள் 1891 ஏப்ரல் 14-ஆம் நாள் மாவ் இராணுவ முகாமில் பிறந்தார். அவர்தம் கல்வியையும் தம்மப் பணியையும் நம் அன்பர்கள் நன்கறிவர். நிலத்தைப் பற்றி அவர் ஆயுள் முழுதும் நடத்திய வாதத்தை நாம் அத்துணை எடுத்துப் பேசுவதில்லை.

அவர் பிறந்த மகார் குலத்தாருக்கு வதன் என்னும் மானிய நிலம் உண்டு. அதன் பொருட்டு அவர்கள் அல்லும் பகலும் சர்க்கார் ஊழியம் செய்தாக வேண்டும். முழுத் தீர்வையைச் செலுத்தி, நிலத்தை வைத்துக்கொண்டே ஊழியத்தினின்று விடுபட வழிகோரி, 1928-இல் பம்பாய்ச் சட்டசபையில் அவர் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். அது நிறைவேறவில்லை.

1937 செப்டம்பரில், கொங்கணத்தில் உழவருக்கும் சர்க்காருக்கும் இடையே நின்று வாரம் தண்டிய கோத்துகளின் முறையை ஒழிக்க மற்றொரு மசோதா கொணர்ந்தார். உழவனுக்கு நிலவுரிமை கேட்ட அதே மசோதாவில் கோத்துகளுக்கு நியாயமான நஷ்ட ஈடும் வைத்திருந்தார். பகைவனின் கணக்கையும் நேர்மையாகத் தீர்த்த இக்குணம் நம்மை வியக்கச் செய்கிறது.

1950-இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சொத்தை அரசு எடுத்துக்கொண்டால் ஈடு தரவேண்டும் என்றது 31-ஆம் விதி. எடுத்துக்கொள்ளுதல் என்பது யாது? நிலத்தைச் சொந்தக்காரனிடமே விட்டு, அவன் உரிமையை மட்டும் குறைத்தால் அதுவும் பறிப்பாகுமா? ஏலத்தில் ஜமீன் வாங்கியவர் கீழ்க்குடிகளை வெளியேற்றும் உரிமையை வங்காளச் சட்டமொன்று நீக்கியபோது இக்கேள்வி எழுந்தது. சொத்தின் சாரமே போகுமளவு கட்டுப்படுத்தினால் அதுவும் பறிப்பே, ஆனால் இச்சட்டம் அவ்வளவு தூரம் செல்லவில்லை என 1953 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது.

1955 மார்ச்சு 19-ஆம் நாள் இராஜ்ய சபையில் பாபாசாகேப் இவ்விதியைப் பற்றிப் பேசினார். அது வரைவுக் குழுவின் படைப்பன்று. நேரு, பட்டேல், பந்த் ஆகியோரிடையே எழுந்த சமரசத்தின் விளைவு என எடுத்துரைத்து, அதற்குப் பொறுப்பேற்க மறுத்தார். அவ்வாண்டே நான்காம் திருத்தம் வந்தது. உடைமையோ அனுபவ உரிமையோ அரசுக்கு மாறாதவரை எந்தக் கட்டுப்பாடும் கட்டாய எடுப்பாகாது என்றது அது.

1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் தீட்சை பெற்ற அவர், டிசம்பர் 6-இல் மறைந்தார். வதன் ஊழியம் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. கலெக்டர் அனுமதியின்றி விற்கலாகாது என்ற தளையுடன் நிலம் உரியவர்க்கே திரும்ப வழங்கப்பட்டது. நம் பஞ்சமி நிலத்திலும் பிறர்க்கு விற்கத் தடை உண்டு. அதனைப் பறிப்பென்று நாம் கொள்வதில்லை.