தினமும் ஏறி இறங்கும் காய்ச்சல், வீங்கிய மூட்டுகள்... 28 வயதில் புதிரைப் பிடித்த டாக்டர்! யார் இந்த ஜார்ஜ் ஸ்டில்?

காலையில் குழந்தை நல்லா விளையாடும். சாயங்காலம் ஆனா உடம்பு அனலா கொதிக்கும். ராத்திரி இறங்கிடும். மறுநாள் கிட்டத்தட்ட அதே நேரத்துக்கு மறுபடியும் காய்ச்சல். ஆன்டிபயாடிக் கொடுத்தும் பலன் இல்லை. பரிசோதனையில் எந்தக் கிருமியும் சிக்கவில்லை.

இப்படி வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சலுக்குப் பின்னால் இருக்கக்கூடிய அபூர்வமான நோய்களில் ஒன்றுதான் 'ஸ்டில் நோய்'. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் சர் ஜார்ஜ் ஃப்ரெடெரிக் ஸ்டில். இங்கிலாந்தின் முதல் குழந்தை மருத்துவப் பேராசிரியர். 1890-களில் அவர் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு எழுதி வைத்ததற்குக் காரணம் புரிய, மருத்துவ உலகத்துக்கு சுமார் 100 வருஷம் ஆனது.

கிரேக்கம் படித்த டாக்டர்

1868 பிப்ரவரி 27-ம் தேதி லண்டனின் ஹாலோவே பகுதியில் பிறந்தார் ஸ்டில். அப்பா சுங்கத்துறை ஊழியர். ஸ்காலர்ஷிப்பில் மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் பள்ளியில் படித்தவர், கேம்பிரிட்ஜ் போய் முதலில் எடுத்தது மருத்துவம் அல்ல. கிரேக்க, லத்தீன் இலக்கியம்! அதில் முதல் வகுப்பில் தேறிய பிறகுதான் லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் டாக்டருக்குப் படித்தார்.

அடுத்து அவர் போய்ச் சேர்ந்த இடம், லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை. அங்கேதான் அந்தப் புதிர் அவர் கண்ணில் பட்டது.

22 குழந்தைகள், ஒரு சந்தேகம்

அந்தக் காலத்தில் குழந்தைக்கு மூட்டு வீங்கினால், பெரியவர்களுக்கு வரும் வாதம்தான் சின்ன உடம்பிலும் வந்திருக்கு என்று நினைப்பது வழக்கம். பிரான்சில் சில டாக்டர்கள் குழந்தைகளின் மூட்டுநோய் பற்றி ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். ஆனால் இது வேற நோயா என்ற கேள்வியை விடாமல் துரத்தியவர் ஸ்டில்.

மொத்தம் 22 குழந்தைகளை அவர் ஆராய்ந்தார். மூட்டோடு நிற்காமல் உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தார். பல குழந்தைகளுக்குக் கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. மண்ணீரல் பெருத்திருந்தது. காய்ச்சல் வந்து போனது. பெரும்பாலும் பால் பற்கள் விழுந்து புதுப் பல் முளைப்பதற்கு முன்பே நோய் ஆரம்பித்திருந்தது. சில குழந்தைகளின் வளர்ச்சியே தடைபட்டது.

மூட்டிலும் வித்தியாசம் தெரிந்தது. பெரியவர்களுக்கு எலும்பும் குருத்தெலும்பும் தேய்ந்து, அசைக்கும்போது கையில் நறநறவென்று தட்டுப்படும். இந்தக் குழந்தைகளுக்கு வீக்கம் மூட்டைச் சுற்றிய மெல்லிய சதைப்பகுதியில்தான் இருந்தது. பிழைக்காமல் போன குழந்தைகளின் உடலைப் பரிசோதித்தபோது, இதயத்தைச் சுற்றியுள்ள உறை ஒட்டிப்போயிருந்ததையும் பார்த்தார்.

அதாவது நோய் முட்டியில் மட்டும் இல்லை, உடம்பு முழுக்க இருக்கிறது. இது வேற நோய். 1896-ல் லண்டன் மருத்துவர் சங்கத்தில் இதை அவர் கட்டுரையாக வாசித்தபோது வயது 28. அடுத்த வருஷம் அது அச்சில் வந்தது. கொஞ்ச காலத்தில் நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஆனா இதுல ஒரு சோகம் இருக்கு. நோயைப் பிரித்துக் காட்டிய அவரிடம், அதைக் குணப்படுத்த மருந்து எதுவும் இல்லை.

அரண்மனை வரை போன பெயர்

1902-ல் அவர் நடத்திய விரிவுரைகளும் பிரபலம். அறிவுக்குக் குறைவில்லாத, ஆனால் ஓர் இடத்தில் கவனம் நிற்காத, தன்னைக் கட்டுப்படுத்த முடியாத குழந்தைகளைப் பற்றி அதில் பேசினார். இன்று ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவுப் பிரச்சினையின் வரலாற்றை எழுதுபவர்கள் பலரும் அந்த விரிவுரைகளைக் குறிப்பிடுவார்கள்.

1906-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை மருத்துவப் பேராசிரியர். 1928-ல் பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் சங்கத்தின் முதல் தலைவர். 1931-ல் குழந்தை மருத்துவத்தின் வரலாற்றையே புத்தகமாக எழுதினார். 1937-ல் சர் பட்டம். அரச குடும்பத்துக்கும் மருத்துவம் பார்த்தார்.

கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குழந்தைப் பருவம் பற்றி அவர் எழுதிய கவிதைத் தொகுப்பு 1941-ல் வெளிவந்தது. அதே வருஷம் ஜூன் 28-ம் தேதி சாலிஸ்பரியில் காலமானார். மூட்டுவாதத்துக்கு முதன்முதலாக கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுக்கப்பட்டது 1948-ல். அதைப் பார்க்க ஸ்டில் இல்லை.

திருடனே வராமல் அடிக்கும் அலாரம்

சரி, கிருமியே இல்லாமல் காய்ச்சல் ஏன் வருது? கிருமி நுழைந்தால் உடனே சத்தம் போட, நம் பிறவி நோய் எதிர்ப்பு அமைப்பில் ஒரு அலாரம் உண்டு. சில குழந்தைகளுக்குத் திருடனே வராதபோதும் அது தானாக அடிக்கும். இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 போன்ற பொருட்கள் ரத்தத்தில் பெருகும். காய்ச்சல், வீக்கம், தோலில் இளஞ்சிவப்புத் தடிப்பு எல்லாம் அதனால்தான்.

பரம்பரையாக வரும் மத்தியதரைக்கடல் காய்ச்சலுக்கான மரபணு 1997-ல் பிடிபட்டது. ஸ்டில் கட்டுரை அச்சாகி சரியாக 100 வருஷம் கழித்து! 1999-ல் இந்த வகை நோய்களுக்கு 'ஆட்டோஇன்ஃப்ளமேட்டரி' என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் ஸ்டில் நோயும் இந்தக் குடும்பத்தோடு சேர்த்துப் பேசப்பட்டது. அந்த இன்டர்லூகின்களைத் தடுக்கும் ஊசி மருந்துகளும் வந்தன. ஸ்டில் கையில் இல்லாத ஆயுதம் இன்றைய டாக்டர்களிடம் இருக்கு.

இதே நோய் பெரியவர்களுக்கும் வருவதை 1971-ல் எரிக் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் விவரித்தார். குழந்தைகள் நோய்க்கு இடையில் 'சிஸ்டமிக் ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ்' என்று நீளமான பெயர் வந்தது. 2024-ல் ஐரோப்பிய மருத்துவ அமைப்புகள், இரண்டும் ஒரே நோய்தான், 'ஸ்டில் நோய்' என்றே அழைக்கலாம் என்று பரிந்துரைத்தன. பழைய பெயரே திரும்பி வந்தது.

பெற்றோர் என்ன செய்யணும்?

முதலில் பயம் வேண்டாம். குழந்தைகளுக்கு அடிக்கடி வரும் காய்ச்சல் பெரும்பாலும் சாதாரண வைரஸ் தொற்றுதான். ஆனால் 2 வாரத்துக்கு மேல் தினமும் காய்ச்சல் ஏறி இறங்கினாலோ, காய்ச்சலோடு தடிப்பு வந்து மறைந்தாலோ, காலையில் எழும்போது மூட்டு விறைத்து குழந்தை நொண்டினாலோ குழந்தை நல மருத்துவரிடம் போங்க. தேவைப்பட்டால் அவர் மூட்டுநோய் நிபுணரிடம் அனுப்புவார்.

நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீங்க. காய்ச்சல் வந்த நேரம், எத்தனை டிகிரி, தடிப்பு தெரிந்ததா, எந்த மூட்டு வீங்கியது என்று தினமும் குறித்து வையுங்க. தடிப்பு தெரியும்போதே போட்டோ எடுத்து வைங்க, ஏன்னா டாக்டரிடம் போவதற்குள் அது மறைஞ்சிடலாம்.

காய்ச்சல் விடாமல் நீடித்து, குழந்தை சோர்ந்து போய், ரத்தக்கசிவு தெரிந்தால் தாமதிக்கவே கூடாது. இந்த நோயில் உயிருக்கே ஆபத்தான கட்டம் ஒன்று உண்டு; அதன் அறிகுறியாக இருக்கலாம்.

ஸ்கேனும் மரபணுப் பரிசோதனையும் வந்த பிறகும், ஸ்டில் நோயை உறுதிசெய்ய தனியாக ஒரே ஒரு டெஸ்ட் இன்னும் கிடையாது. 1896-ல் ஸ்டில் செய்தது போல குழந்தையை முழுசாகப் பார்த்து, ஒவ்வொரு அறிகுறியையும் சேர்த்துத்தான் டாக்டர்கள் முடிவுக்கு வருகிறார்கள். பெற்றோர் எழுதி வைக்கும் அந்தக் குறிப்பும் அதில் ஒரு முக்கியத் துப்பு.