ஆஷ்விட்ஸ் முகாமின் மருத்துவச்சி
ஸ்தனிஸ்லாவா லெஷ்சின்ஸ்கா அம்மையார்

ஆஷ்விட்ஸ் என்னும் பெயர் நம் பங்கு மக்களுக்குப் புதிதன்று. மற்றொரு கைதிக்காகத் தம் உயிரைக் கையளித்த மாக்சிமிலியன் கோல்பே அடிகளார் 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14-ஆம் நாள் மடிந்தது அந்த வதைமுகாமில்தான். 1982-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் நிறையுமுன் அதே முகாமுக்கு ஒரு குடும்பப் பெண் கொண்டுவரப்பட்டார். அவர் கன்னியரல்லர், நான்கு பிள்ளைகளைப் பெற்ற தாய், மருத்துவச்சித் தொழில் பயின்றவர். கோல்பே அடிகளார் ஓர் உயிருக்காகத் தம் உயிரைத் தந்தார். இவ்வம்மையாரோ சாவின் வாசலிலே நின்று ஆயிரக்கணக்கான உயிர்களைக் கையில் ஏந்தினார். தாய்மாரும் குடும்பங்களும் படித்துப் பயன் பெறத்தக்க அன்னாரின் வாழ்க்கையை இம்மலரில் சுருக்கமாகத் தருகிறோம்.

தாய் தந்த கல்வி

ஸ்தனிஸ்லாவா 1896-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் போலந்து நாட்டின் லோட்ஸ் நகரில் பிறந்தார். லோட்ஸ் பஞ்சாலைகளின் நகரம். அந்நாளில் ரஷ்யப் பேரரசனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தை தச்சுத் தொழிலாளி. குழந்தை பிறந்து அதிக காலம் செல்லுமுன்னே அவரை ரஷ்யப் படையில் சேர்த்துத் தொலைதூரத் துருக்கிஸ்தானத்துக்கு அனுப்பிவிட்டனர். குடும்பப் பாரம் முழுவதும் தாயின் தலையில் விழுந்தது. அந்தத் தாய் பஞ்சாலையில் நாளொன்றுக்குப் 12 மணி நேரம் உழைத்தார். அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து, தாய்மொழியாகிய போலிஷ் மொழியிலே பாடம் சொல்லித்தரும் தனியார் பள்ளிக்கு மகளை அனுப்பினார். ஏழைக்கு எதற்குப் படிப்பு என்று அவர் எண்ணவில்லை.

தந்தை திரும்பி வந்தபின், 1908-இல் குடும்பம் பிழைப்புத் தேடி பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவுக்குக் கப்பலேறியது. அங்குள்ள பள்ளியில் சிறுமி ஜெர்மன் மொழி கற்றுக்கொண்டாள். சுமார் இரண்டு ஆண்டுகளில் குடும்பம் லோட்ஸ் நகருக்கே திரும்பிவிட்டது. அன்று கற்ற ஜெர்மன் மொழி எங்கே, எந்த நாளில், யார் முன்னே பயன்படப்போகிறது என்பதை இறைவன் ஒருவரே அறிவார்.

பயிற்சியும் குடும்பமும்

1916-ஆம் ஆண்டு அச்சுத் தொழிலாளியான பிரோனிஸ்லாவ் லெஷ்சின்ஸ்கி என்பவரை மணந்தார். 1917-இல் ஒரு மகனும் 1919-இல் ஒரு மகளும் பிறந்தனர். இனி வீடும் பிள்ளைகளுமே வாழ்வு என்று பிறர் ஓய்ந்திருக்கக்கூடிய வேளையில்தான் ஸ்தனிஸ்லாவா படிக்க எழுந்தார். 1920-இல் குடும்பம் தலைநகர் வார்சாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்த மருத்துவச்சிகள் பயிற்சிப் பள்ளியில் அவர் சேர்ந்தார். போலந்து விடுதலை பெற்று இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. நாட்டில் போரும் வறுமையும் ஓயவில்லை. கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு பெண் பயிற்சியை முடிப்பதென்றால், கணவரின் முழுச் சம்மதமும் துணையும் இன்றி அது கூடுமோ? 1922-ஆம் ஆண்டு சிறந்த தேர்ச்சியுடன் அவர் பயிற்சியை நிறைவு செய்தார்.

மருத்துவச்சிப் பயிற்சி என்றால் என்ன? குழந்தை இயல்பாகப் பிறக்கப் பொறுமையோடு காத்திருத்தல். ஆபத்தின் குறிகளை முன்னதாக அறிதல். எல்லாவற்றிற்கும் மேலாகத் தூய்மை. பிரசவம் பார்ப்பவரின் கைகள் சுத்தமாயிருந்தால் தாய்மாரைக் கொல்லும் பிரசவக் காய்ச்சல் வெகுவாகக் குறையும் என்று 1847-இல் வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் மெய்ப்பித்தார். அக்காலத்து மருத்துவர் பலர் அதை ஏற்கவில்லை. பின்வந்த தலைமுறை அதைப் பாடமாகவே வைத்தது. அந்தப் பாடத்தை வார்சா ஆசிரியர்களிடமிருந்து ஸ்தனிஸ்லாவா மனத்திலும் கையிலும் ஏற்றிக்கொண்டார்.

பின்னர் லோட்ஸ் நகரில் ஏழைத் தொழிலாளர் வீடுகளே அவருடைய பணிக்களமாயின. யூதர், கிறிஸ்தவர் என்ற வேறுபாடு பாராமல், அழைத்தவர் வீட்டுக்கெல்லாம் இரவும் பகலும் நடந்தே செல்வார். பிரசவத்துக்குக் கை வைக்குமுன் சிலுவை அடையாளம் வரைந்துகொள்வார். நெருக்கடியான வேளையில் தேவதாயைக் கூப்பிடுவார். இரண்டு காலிலும் செருப்பு மாட்டத் தாமதிக்க வேண்டாம், ஒற்றைச் செருப்போடாவது ஓடி வந்து உதவும் என்று மன்றாடுவது அவர் வழக்கம். குழந்தை தன் தாயிடம் பேசுவது போன்ற செபம் அது!

முகாமில்

1939-இல் ஜெர்மன் படை போலந்தைப் பிடித்தது. லோட்ஸ் நகர யூதர்களை ஒரு வட்டாரத்தில் அடைத்துப் பட்டினி போட்டனர். லெஷ்சின்ஸ்கி குடும்பத்தார் அவர்களுக்கு உணவும், தப்பிச் செல்வதற்கான போலிச் சான்றுகளும் கொடுத்து உதவினர். அந்தக் குற்றத்துக்காக 1943 பிப்ரவரியில் அம்மையாரையும், மகளையும், இளைய மகன்கள் இருவரையும் கைது செய்தனர். கணவரும் மூத்த மகனும் தப்பினர். மகன்கள் மவுத்ஹவுசன் முகாமின் கற்சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டனர். தாயும், மருத்துவம் பயின்றுவந்த மகளும் ஏப்ரல் 17-ஆம் நாள் ஆஷ்விட்ஸ் வந்து சேர்ந்தனர். தாயின் கையில் 41335 என்ற எண் பச்சை குத்தப்பட்டது.

தாம் பயிற்சி பெற்ற மருத்துவச்சி என்பதை அவர் முகாம் மருத்துவரிடம் தெரிவித்தார். பிரசவக் கொட்டகைப் பணி கிடைத்தது. அந்தக் கொட்டகையில் கட்டில் இல்லை. கொட்டகையின் நீளத்துக்குச் செங்கல்லால் கட்டிய ஓர் அடுப்புத் திண்டு ஓடியது. ஆண்டில் ஒரு சில நாள்களே அதில் நெருப்பு மூட்டுவர். அந்தத் திண்டின்மேல்தான் பிரசவம். எங்கும் எலிகளும் பேன்களும். ஒரு வாளி தண்ணீர் கொண்டுவர இருபது நிமிடம் ஆகும். மருந்தோ கட்டுத்துணியோ இல்லை என்றே சொல்லவேண்டும். தாய்மார் தங்கள் ரொட்டித் துண்டைப் பட்டினி கிடந்து சேமித்து, அதைக் கொடுத்து ஒரு விரிப்பை வாங்கி, அதைக் கிழித்துக் குழந்தைக்குத் துணி செய்வார்கள். அதைத் துவைத்து வெளியே உலர்த்தவும் தடை. தங்கள் உடல்மேலேயே போட்டு உலர்த்துவார்கள். பிறந்த குழந்தைக்கு முகாமில் ஒரு சொட்டுப் பாலும் ஒதுக்கப்படவில்லை.

அக்கொட்டகையில் இன்னொரு மருத்துவச்சியும் இருந்தாள். கிளாரா என்ற ஜெர்மன் கைதி. சிசுக்கொலைக் குற்றத்துக்காகச் சிறைப்பட்டவள். தொழில் செய்யும் உரிமையை இழந்தவள். பிறந்த குழந்தைகளைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் கொல்லும் வேலையை அவளும் அவள் உதவிக்காரியும் செய்தனர். அதே வேலையைச் செய்யும்படி ஸ்தனிஸ்லாவாவுக்கும் கட்டளை வந்தது. மறுத்தால் மரணம் என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் மறுத்துவிட்டார். குழந்தைகளைக் கொல்லலாகாது என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டுத் தம் பணியைத் தொடர்ந்தார்.

இரண்டு பெண்களும் கற்றது ஒரே தொழில். ஒருத்தியின் கை கொன்றது. மற்றவரின் கை காத்தது. வெறும் பயிற்சி இந்த வேறுபாட்டை உண்டாக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். பார்வோன் மன்னனின் கட்டளைக்குப் பணியாமல் எபிரேயக் குழந்தைகளை வாழவிட்ட மருத்துவச்சிகளைப் பற்றி யாத்திராகமத்தில் படிக்கிறோம். கடவுளுக்கு அஞ்சியதாலேயே அவர்கள் மன்னனுக்கு அஞ்சவில்லை. அந்த மரபில் வந்தவர் நம் அம்மையார்.

ஒரு நாள், பிரசவத்தில் எத்தனை தாய்மார், எத்தனை சிசுக்கள் இறந்தனர் என்று முகாம் மருத்துவர் கணக்குக் கேட்டார். பிரசவத்தில் ஒருவரும் இறக்கவில்லை என்று அம்மையார் தெரிவித்தார். சிறந்த மருத்துவமனைகளும் கூற முடியாத அந்தக் கணக்கைக் கேட்டு அந்த மருத்துவர் நம்ப முடியாமல் திகைத்தாராம்.

ஆயினும் பிறந்த குழந்தைகளின் கதியை எண்ணினால் நெஞ்சு பதறுகிறது. அம்மையார் பின்னாளில் எழுதிய அறிக்கையின்படி, முகாமில் அவர் பார்த்த பிரசவங்கள் 3000-க்கு மேல். அவற்றில் ஏறக்குறைய 1500 குழந்தைகள் நீரில் அமிழ்த்தப்பட்டன. 1000-க்கு மேற்பட்டவை குளிராலும் பசியாலும் மடிந்தன. நீலக் கண்ணும் வெண்ணிறமும் கொண்ட சில நூறு குழந்தைகளை ஜெர்மானியராக வளர்க்கவெனப் பறித்துச் சென்றனர். யூதக் குழந்தைகளுக்கு இரக்கமே காட்டப்படவில்லை. தாய்மாரோடு முகாமை விட்டு உயிருடன் வெளியேறியவை 30 மட்டுமே.

இத்தனை சாவுக்கு நடுவே பிரசவம் பார்த்து என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். அம்மையார் அப்படிக் கேட்கவில்லை. ஒரு மணி நேரமே வாழப்போகும் குழந்தையையும் நூறாண்டு வாழப்போகும் குழந்தையைப் போலவே தூய கைகளால் ஏந்தினார், தாய்மாருடன் செபித்தார், கிறிஸ்தவத் தாய்மாரின் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளித்தார். பறித்துச் செல்லப்படும் குழந்தைகளின் உடலில், காவலர் அறியாவண்ணம், ஒரு சிறு பச்சைக் குறி இட்டுவைத்தார். தாய் என்றாவது தன் பிள்ளையைத் தேடிக் கண்டுகொள்வாள் என்பது அவர் நம்பிக்கை.

விடுதலைக்குப் பின்

1945 ஜனவரி 27-ஆம் நாள் முகாம் விடுதலை அடைந்தது. அதுவரை நோயாளிகளை விட்டு அம்மையார் அகலவில்லை. மகளும் அவரும் லோட்ஸ் திரும்பினர். மகன்களும் பிழைத்து வந்து சேர்ந்தனர். கணவர் மட்டும் வரவில்லை. 1944-இல் வார்சா எழுச்சியின்போது அவர் உயிர் துறந்திருந்தார். விதவையான ஸ்தனிஸ்லாவா மறுபடியும் மருத்துவச்சிப் பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றார். முகாமில் நடந்ததைப் பல ஆண்டுகள் வெளியே பேசவில்லை. அவருடைய அறிக்கை 1965-இல் போலந்து மருத்துவ ஏட்டில் வெளியானபோதுதான் உலகம் அவரை அறிந்தது. 1970 ஜனவரியில் வார்சாவில் நடந்த ஒரு கூட்டத்தில், முகாமிலே தாம் பிரசவம் பார்த்த தாய்மாரையும், வளர்ந்து நின்ற பிள்ளைகளையும் அவர் கண்ணாரக் கண்டார். 1974 மார்ச் 11-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவரைப் பீடத்தின் மகிமைக்கு உயர்த்துவதற்கான விசாரணை 1992-இல் லோட்ஸ் மறைமாவட்டத்தில் தொடங்கப்பட்டது. இறைஊழியர் என்று திருச்சபை அவரை அழைக்கிறது.

நமக்கு ஒரு பாடம்

பஞ்சாலையில் உழைத்த ஒரு தாய் மகளைப் படிக்க வைத்தார். அச்சுத் தொழில் செய்த ஒரு கணவர் மனைவியின் படிப்புக்குத் துணை நின்றார். பெயர் தெரியாத ஆசிரியர்கள் தூய்மையையும் பொறுமையையும் கற்பித்தனர். விசுவாசம் அந்தக் கைகளுக்கு உறுதி தந்தது. இவை நான்கும் சேர்ந்தபோது, கொல்லச் சொன்ன கட்டளையின் முன்னே நடுங்காத ஒரு மருத்துவச்சி உருவானார்.

நம் பங்கிலும் தாதிப் பயிற்சிக்கும் மருத்துவப் படிப்புக்கும் செல்லும் பெண் மக்கள் உண்டு. கட்டணத்தை எப்படிக் கட்டுவது, திருமணத்துக்குப் பின் படிப்பு எதற்கு என்று தயங்கும் குடும்பங்களும் உண்டு. அவர்கள் இவ்வம்மையாரின் வாழ்வைச் சற்றுச் சிந்திப்பார்களாக. ஒரு பெண்ணின் படிப்புக்கு நாம் இன்று கொடுக்கும் துணை, எந்த இருளில், யார் பெற்ற பிள்ளையைக் காக்கும் என்று நாம் அறியோம். பயிற்சி பெறும் பெண் மக்களும், தொழிலைக் கற்பதோடு மனச்சான்றையும் செபத்தால் உறுதிப்படுத்திக் கொள்ள வேண்டுகிறோம். தேவதாய் அவர்களுக்கும் விரைந்து வந்து துணை புரிவாராக.